துப்பாமல் விட்ட இரண்டு குழாய்கள்

1

எங்கள் இருபத்தைந்தாவது கல்யாண நாளுக்கு மகள் யாழினி ஒரு பெட்டி கொடுத்தாள். ரிப்பன் கட்டி, மேலே இதயம் ஒட்டியிருந்தாள். கைக்கடிகாரமாக இருக்கும் என்று நினைத்துப் பிரித்தேன். உள்ளே மூன்று பிளாஸ்டிக் குழாய்கள். ஒவ்வொன்றிலும் ஒரு கோடு. அந்தக் கோடு வரைக்கும் எச்சிலைத் துப்பி, மூடி, தபாலில் அனுப்ப வேண்டுமாம். நாம் யார், எங்கிருந்து வந்தோம் என்று எழுதி அனுப்புவார்களாம்.

"எங்கேருந்து வந்தோம்னு எனக்குத் தெரியும்டி. நான் கரையாம்புத்தூர், ஒங்கப்பா கிருமாம்பாக்கம். இதுக்கு எதுக்குத் துப்பணும்?"

"அதுக்கும் முன்னாடிம்மா. ரொம்ப ரொம்ப முன்னாடி."

யாழினி பாரிஸில் பிறந்தவள். உயிரியல் படிக்கிறாள். அவளுடைய தமிழ் வீட்டுக்குள் செருப்பில்லாமல் நடக்கிற தமிழ்; வெளியே எடுத்துப் போக மாட்டாள். இந்தக் குழாய்களை இந்த நாட்டில் விற்பது சட்டப்படி கூடாது என்றும், பக்கத்து நாட்டில் இருக்கும் தோழியின் முகவரிக்கு வரவழைத்தேன் என்றும் அவளே பெருமையாகச் சொன்னாள். சட்டம் ஆகாது என்கிற பொருள் வீட்டுக்குள் வந்தால் அன்றைக்குத் தூக்கம் வராத ஜாதி நான்.

ஊரில் இருக்கிற உங்களுக்கு இது புரியுமோ என்னவோ. இங்கே வந்த நாளிலிருந்து என்னிடம் கேட்கப்பட்டதெல்லாம் நிரூபணம்தான். நீ பிறந்ததற்கு நிரூபணம், கல்யாணமானதற்கு நிரூபணம், இந்த வாடகை வீட்டில் தூங்குகிறாய் என்பதற்கு நிரூபணம். குடியேற்ற அலுவலகத்தின் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிற பெண் என் முகத்தையும் புகைப்படத்தையும் மாறி மாறிப் பார்ப்பாள். பார்த்துப் பார்த்து எனக்கே நான்தானா என்று சந்தேகம் வந்துவிடும். அப்படிப் பழகிப்போன சந்தேகம், குடியுரிமை கிடைத்த பிறகும் போகவில்லை. இப்போது நான் எல்லோரையும் அந்தக் கண்ணாடிக்காரி மாதிரிதான் பார்க்கிறேன். கறிக்கடைக்காரரில் தொடங்கிக் கட்டிய புருஷன் வரைக்கும்.

ஆகையால் நான் துப்பவில்லை. என் எச்சிலை வைத்துக்கொண்டு எவனோ என்ன செய்வானோ, யார் கண்டது.

என் வீட்டுக்காரரும் துப்பவில்லை. ஆனால் நான் மறுத்தது ஒரு மாதிரி, அவர் மறுத்தது வேறு மாதிரி. ஒரு குழாயைக் கையில் எடுத்துப் பார்த்தார். "இத வச்சு இன்னா இன்னா கண்டுபுடிப்பாங்க?" என்று மகளிடம் கேட்டார்.

"எல்லாமே தெரியும்ப்பா. யாருக்கு யார் சொந்தம்னுகூட."

குழாயைப் பெட்டியில் வைத்துவிட்டார். முகம் வெளுத்திருந்தது. "எச்சிலப் போயித் தபால்ல அனுப்புறதா, அசிங்கம்" என்று சொல்லிவிட்டு பால்கனிக்குப் போனவர், கேக் வெட்டக் கூப்பிட்டும் வரவில்லை. அதை நான் மனதில் குறித்துக்கொண்டேன்.

யாழினி மட்டும் துப்பினாள். இரண்டு குழாய்கள் மிச்சமாகப் பெட்டியிலேயே கிடந்தன.

2

எங்கள் கல்யாணத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். உங்களுக்கு அதில் விசேஷம் எதுவும் தெரியாது. இங்கே சொன்னால் வாயைப் பிளப்பார்கள்.

என் வீட்டுக்காரர் பழனிவேலு என் அம்மாவின் கடைசித் தம்பி. சொந்தத் தாய்மாமன். எனக்குக் காது குத்தும்போது மடியில் வைத்துக்கொண்டவர் என் பெரிய மாமா. பக்கத்தில் அரைக்கால் சட்டையோடு நின்று வாழைப்பழம் தின்றவர் இவர். எங்கள் வீட்டில் வெளியில் பெண் தேடும் பழக்கமே இல்லை. என் அண்ணன் ஏழுமலைக்கு அந்தப் பெரிய மாமாவின் மகள் கோமதியைக் கட்டினார்கள். எனக்கு இவர். புதுச்சேரிப் பக்கத்துக் கரையாம்புத்தூருக்கும் கிருமாம்பாக்கத்துக்கும் நடுவில் எங்கள் குடும்பத்துத் தாலிக்கொடி போய்ப் போய் வந்துகொண்டே இருந்தது.

கல்யாணத்துக்கு முன்பே இவர் பாரிஸில் ஒரு உணவகத்தில் வேலை பார்த்தார். கல்யாணம் முடிந்து திரும்பிப் போனார். நான் இரண்டு வருஷத்துக்கு மேல் ஊரிலேயே காத்திருந்தேன். என் காகிதங்கள் தயாராகும்போது, எங்களுக்கு முன்னால் வந்து குடியேறியிருந்த ஒரு புதுச்சேரிக்காரர் இவரிடம் சொன்னாராம்: "இந்த நாட்டுச் சட்டத்துல தாய்மாமனக் கட்டுறது ஆவாது. சொந்தம்னு வாயத் தொறக்காதீங்க. யாரு கேட்டாலும் பக்கத்து ஊருப் பொண்ணுன்னு சொல்லுங்க." பக்கத்து ஊர்ப் பெண் என்பது பொய்யும் இல்லை. அப்படியே இருந்துவிட்டோம்.

பிள்ளையிடமும் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் உளறிவிடுமே என்ற பயம். பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டது விட்டதுதான். நான் இவரை மாமா என்று கூப்பிடுவதை யாழினி விசேஷமாக எடுத்துக்கொள்ளவில்லை, அவளுக்குத் தெரிந்த எல்லாத் தமிழ்ப் பெண்களும் புருஷனை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். இவர் என் அம்மாவை அக்கா என்பார். ஊரில் யாரை யார் அக்கா என்று கூப்பிடவில்லை? விடுமுறைக்குப் போய்விட்டு வரும் குழந்தைக்கு அதில் என்ன தெரியும்.

இன்னொன்றும் உண்டு. யாழினிக்கு முன்னால் எங்களுக்கு ஒரு பையன் பிறந்தான். கதிரவன். எட்டாம் மாதத்தில் ஆஸ்பத்திரியில் இறந்துபோனான். தலை நிற்கவில்லை, பால் இறங்கவில்லை. அப்போது எனக்கு இந்த ஊர்ப் பாஷையில் நன்றி சொல்ல மட்டும்தான் தெரியும். டாக்டர்கள் இவரிடம் பேசுவார்கள், இவர் தலையாட்டுவார், நான் இவர் முகத்தைப் பார்ப்பேன். அதற்குப் பிறகு இவர் அந்தப் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை. அலமாரியில் ஒரு புகைப்படம் இருக்கிறது. யாழினிக்கு ஒரு அண்ணன் இருந்து போனான் என்று தெரியும், அதோடு சரி.

3

சில வாரங்கள் கழித்து முடிவு வந்தது. யாழினி கம்ப்யூட்டரைச் சாப்பாட்டு மேஜையில் வைத்துக் காட்டினாள். இந்தியப் படத்தின் தெற்குக் கோடியில் பச்சை பூசியிருந்தது. இதற்கா காசு கொடுத்தாய் என்றேன்.

அவள் சளைக்கவில்லை. இந்தியாவில் இருக்கிற எல்லோரும் பழைய காலத்துச் சில கூட்டங்களின் கலப்புதான் என்றாள். காட்டில் வேட்டையாடித் திரிந்தவர்கள், ஈரான் பக்கத்துப் பழங்கூட்டத்தோடு ஒட்டுள்ளவர்கள், பின்னால் வடக்குப் புல்வெளியிலிருந்து வந்தவர்கள். அளவுதான் ஆளுக்கு ஆள் கூடும், குறையும். "ஒரு காலத்துல எல்லாரும் எல்லாரோடயும் கலந்தாங்கம்மா. அப்புறம் கதவச் சாத்திக்கிட்டு, உள்ளுக்குள்ளயே கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க. நம்ம எச்சில்ல அந்தக் கதவு தெரியுது."

எனக்கு இந்தப் பேச்சே பிடிக்கவில்லை. எங்கள் பக்கத்தில் ஒருவன் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து, எந்த ஊரு, யாரு வூடு, எந்தத் தெரு என்று அன்பாகக் கேட்டால் அவன் எதைக் கேட்கிறான் என்று எல்லோருக்கும் தெரியும். தெருவின் பெயரைச் சொன்னதும் அவன் முகம் மலரும் அல்லது சுருங்கும். அதே கேள்வியைத்தான் இந்தக் குழாயும் கேட்கிறதோ என்று எனக்குத் தோன்றியது. யார் முதலில் வந்தார்கள், யார் பின்னால் வந்தார்கள் என்று கண்டுபிடித்துவிட்டால், பின்னால் வந்தவனை என்ன செய்வதாக உத்தேசம்? ஒரு நாட்டுக்குப் பின்னால் வந்தவளாக வரிசையில் நின்று கால் வீங்கினவள் நான். எனக்கு இந்த ஆராய்ச்சி இனிக்காது.

யாழினி அடுத்த பக்கத்தைத் திறக்கவில்லை. "அவ்ளோதான்" என்று மூடினாள். மூடின வேகம் எனக்குச் சரியாகப் படவில்லை.

நான் விடவில்லை. மறுநாள், அதற்கடுத்த நாள், நான் வேலை பார்க்கும் பள்ளி உணவுக்கூடத்தில் தட்டு அடுக்கிவிட்டு வந்த கையோடு என்னடி மறைக்கிறாய் என்று பிடுங்கினேன். கடைசியில் அழுதுகொண்டே காட்டினாள். இதே மாதிரித் துப்பிய மற்றவர்களில் யார் யார் நமக்குச் சொந்தம் என்று ஒரு பட்டியல். அதில் முதல் வரியில் ஒரு ஆண். இருபதுகளில் வயது. பெயருக்குப் பதில் ஈ.வி. என்று இரண்டு இங்கிலீஷ் எழுத்து. எதிரில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது: பாதிச் சகோதரனாக இருக்கலாம். அதாவது தாயோ தகப்பனோ ஒருவர் மட்டும் பொது.

நான் வேறொரு பிள்ளையைப் பெறவில்லை என்பது எனக்கு நிச்சயமாகத் தெரியும். மிச்சம் யார்?

"அவன்கிட்டக் கேட்டேன்ம்மா, நீ யாருன்னு. 'உங்க அப்பா பேர் என்ன?'ன்னு திருப்பிக் கேட்டான். பயமாப் போச்சு. அதோட விட்டுட்டேன். அப்பாகிட்ட சொல்லாத."

சொல்லவில்லை. ஆனால் கணக்குப் போட்டேன். இருபதுகளில் வயது என்றால், நான் கரையாம்புத்தூரில் விசாவுக்குக் காத்திருந்த காலம். அப்போது இவர் வேலை பார்த்த உணவகத்தில் கல்லாவில் உட்காரும் ஒரு பெண்ணைப் பற்றி போனில் சொல்லியிருக்கிறார். ஈவ்லின். ரொம்ப நல்லவள், எனக்குப் பாஷை சொல்லிக்கொடுக்கிறாள் என்று. ஈ.வி.யில் அந்த ஈ நிற்கிறதே! குழாயைப் பார்த்ததும் வெளுத்த முகமும், வெட்டாத கேக்கும் நினைவுக்கு வந்தன. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

ஒருநாள் குழம்பு ஊற்றிக்கொண்டே சாதாரணமாகக் கேட்டேன். "அந்த ஈவ்லின் இப்ப எப்படி இருக்காங்க மாமா?"

"எந்த ஈவ்லின்?" என்றார்.

எந்த ஈவ்லினாம்! அன்றிலிருந்து அவர் சட்டைப்பையைத் துழாவினேன். போனைப் பார்த்தேன். அதில் மருந்துக்கடையின் செய்தியும், வேலையிடத்துச் செய்தியும், யாழினியின் சின்ன வயசுப் படங்களும் இருந்தன. ஒன்றும் கிடைக்கவில்லை என்பதே எனக்குச் சாட்சியாகிவிட்டது. எவ்வளவு சுத்தமாக அழித்திருக்கிறார் பாருங்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இருபத்தைந்து வருஷம் கூட வாழ்ந்தவரிடம் ஒரே கேள்வியை நேராகக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஆமாம் என்று சொல்லிவிட்டால் நான் எங்கே போவேன்? பிறந்த வீடும் அவர் வீடும் ஒரே குடும்பம். கோபித்துக்கொண்டு போக எனக்குத் தனியாகத் தாய்வீடுகூடக் கிடையாது.

4

கோடை விடுமுறைக்குக் கிருமாம்பாக்கம் வந்தோம். மூன்று பேரும் மூன்று விதமாக வாயை மூடிக்கொண்டு வந்தோம். கடலூர் ரோட்டில் பஸ்கள் ஆரன் அடித்துக்கொண்டு பறக்கிற சத்தம் வீட்டுக்குள் கேட்கும். அது இருந்ததால் நாங்கள் பேசாதது வெளியே தெரியவில்லை.

பாகூரில் பாத்திரக்கடை வைத்திருக்கும் ஷாகுல் பாய் அந்தக் காலத்தில் பாரிஸில் இவரோடு ஒரே அறையில் இருந்தவர். மகளுக்குச் சீர்ப் பாத்திரம் பார்க்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனேன். நாலு தூக்குச்சட்டி எடுத்து வைக்கச் சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடங்கினேன்.

"ஈவ்லினா? கல்லாவுல இருந்த அந்தக் கெழவியாம்மா? நாங்க இருந்தப்பவே அதுக்குப் பேரப்புள்ளைங்க இருந்திச்சே. நல்ல மனுஷி, பாவம். ஏன், எதுனா சேதி வந்திச்சா?"

"ஒண்ணுமில்ல பாய். சும்மா கேட்டேன். அவரு அப்ப எப்பிடி இருப்பாரு?"

"பழனியா? வேல, தூக்கம். ஞாயித்துக்கெழமயானா ஒங்களுக்கு போன் பண்ண வரிசையில நிப்பாப்ல. வேற இன்னா இருந்திச்சு எங்களுக்கு?"

சிரித்துக்கொண்டே சொன்னார். பாயும் கூட்டுக்களவாணி என்று முடிவு செய்தேன். தூக்குச்சட்டிகளை வாங்காமல் வந்துவிட்டேன்.

5

இரண்டு நாள் கழித்து மத்தியானம், வாசலில் ஸ்கூட்டி வந்து நின்றது. கோமதி.

அண்ணன் வீட்டோடு எங்களுக்குப் பேச்சு நின்று எட்டு வருஷம். யாழினி பெரியவளானபோது இதே வீட்டில் மஞ்சள் நீராட்டு வைத்தோம். அண்ணன் தாய்மாமன் முறைக்குச் சீர்வரிசைத் தட்டுகளோடு மேளம் வைத்து வந்தார். பச்சை ஓலைக் குடிசை கட்டினார். பந்தியில் எல்லோர் முன்னாலும், "எம் பையன் வெற்றிவேலுக்குத்தான் இந்தப் பொண்ணு, இப்பவே சொல்லிட்டேன்" என்று சிரித்தார். எந்தத் தாய்மாமனும் சொல்கிற பேச்சு. இவர் மட்டும் சிரிக்கவில்லை. "எங்கூட்டுப் பொண்ண சொந்தத்துல குடுக்க மாட்டேன். இனிமே அந்தப் பேச்சே வேணாம்" என்று எழுந்து நின்று சொன்னார். அண்ணன் இலையை மூடிவிட்டுப் போனார். பாரிஸ் திமிர் என்று ஊர் பேசியது. ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று நான் கேட்டபோது இவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அந்தக் கோமதி என்னைத் தாண்டி நேராக உள்ளே போய், நாற்காலியில் உட்கார்ந்திருந்த இவர் காலடியில் தரையில் உட்கார்ந்தாள். இவர் அவளுக்குச் சித்தப்பா. அவள் அப்பா உயிரோடு இல்லை. கட்டிக்கொடுத்த இடத்தில் வழக்கு என்றால் பெண் தன் அப்பன் வீட்டு ஆம்பிளையிடம்தான் வருவாள். சண்டையிருந்தாலும் அந்த வழி மட்டும் அடைபடாது.

"சித்தப்பா, ஒங்க வூட்டு வாசப்படி மிதிக்கக் கூடாதுன்னு இருந்தேன். எனக்கு வேற நாதியில்ல. எம் புருசன் எனக்குத் துரோகம் பண்ணிட்டாரு. நீங்கதான் ஞாயம் கேக்கணும்."

"இன்னாம்மா சொல்ற? ஏழுமலையா?"

"நெல்லு அறுக்குற மெஷின எடுத்துக்குனு வருசா வருசம் தஞ்சாவூரு பக்கம் போறாரு இல்ல? அங்க ஒருத்தி. அவளுக்கு ஒரு பொண்ணு. எம் பையன் கனடாவுலேருந்து சொன்னான். எச்சில் துப்பி ஏதோ டெஸ்ட்டு எடுத்தானாம். ஒனக்குப் பாதித் தங்கச்சி ஒருத்தி இருக்கான்னு வந்திருக்குது சித்தப்பா! நான் பெத்தது ஒரே புள்ள. அப்ப அவ யாரு?"

பக்கத்தில் நின்ற யாழினியைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். எனக்கோ அந்த நேரத்தில் எதையும் பொருத்திப் பார்க்கத் தோன்றவில்லை. இத்தனை மாதம் அடக்கியது உடைத்துக்கொண்டு வந்துவிட்டது.

"யாருகிட்ட ஞாயம் கேக்க வந்த கோமதி? இவருகிட்டயா? இவரு பெத்து வுட்டவன் ஒருத்தன் இருக்கான், அத மொதல்ல கேளு!"

இவர் நாற்காலியிலிருந்து எழுந்தார். கோபமாக அல்ல. தலை சுற்றுகிறவர் எழுவது மாதிரி.

"என்னையா? செல்வி, நீயா என்ன சந்தேகப்பட்ட?"

"ஆமா. நீங்கதான் துப்ப மாட்டேன்னீங்களே!"

யாழினி நடுவில் வந்தாள். "கோமதி அத்த, வெற்றி அந்த டெஸ்ட்ட போட்டோ எடுத்து அனுப்பினானா? காட்டுங்க." கோமதியின் போனில் இருந்த படத்தையும் தன் போனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். அவனுடைய பாதித் தங்கையின் பெயர் யாலி. பிரெஞ்சுக்காரத் தோழிகள் இவளை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். இவளுடைய பாதி அண்ணன் ஈ.வி.; இங்கிலீஷில் எழுதினால் ஏழுமலை மகன் வெற்றிவேல்.

கோமதி என்னைப் பார்த்த பார்வையை என்னால் மறக்க முடியாது. ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, அவள் புருஷனும் நானும் கூடப் பிறந்தவர்கள் என்பதையும் மறந்து எல்லோரையும் எல்லோரோடும் முடிச்சுப் போட்டுப் பார்த்துவிட்டாள். நானும்தான். சந்தேகம் வந்துவிட்டால் வெட்கம் போய்விடுகிறது.

"சொந்த மாமா பையன்னா இவ்ளோ வராதே" என்று யாழினி முணுமுணுத்தாள். "பாதிதான் வரணும். அத்த, நீங்க அப்பாவ ஏன் சித்தப்பான்னு கூப்பிடறீங்க?"

"எங்கப்பனோட தம்பிய வேற எப்படிடி கூப்புடுறது?"

"அப்போ அம்மாவுக்கு நீங்க?"

"மாமன் பொண்ணு. ஒங்கம்மாவப் பெத்தவங்க எங்கப்பாவுக்கு அக்கா. ஒங்கப்பாவுக்கும் அக்காதான். ஒங்கப்பா அக்கா பொண்ணத்தானே கட்டிக்கினாரு. ஏன்டி, இதுகூடத் தெரியாதா ஒனக்கு?"



யாழினி என்னிடமும் இவரிடமும் பிரெஞ்சில் ஏதோ வேகமாகச் சொன்னாள். நல்லவேளை, பாதி எனக்குப் புரியவில்லை. பிறகு சுவரிலிருந்த நாட்காட்டியில் ஒரு தாளைக் கிழித்துப் பின்பக்கம் கோடு போட்டாள். பேர் பேராகக் கோமதியிடம் கேட்டு எழுதினாள். கண்ணீர் தாளில் விழ விழத் துடைத்துக்கொண்டே கூட்டினாள்.

"ஒரு வழியா மட்டும் சொந்தம்னா கொஞ்சம்தான் வரும். எனக்கும் வெற்றிக்கும் நாலு வழி இருக்கு. எங்கம்மா அவங்கப்பாவோட தங்கச்சி. எங்கப்பா அவங்கப்பாவுக்கு மாமா. எங்கப்பா அவங்கம்மாவுக்கு சித்தப்பா. எங்கம்மாவும் அவங்கம்மாவும் அத்த பொண்ணு, மாமா பொண்ணு. நாலையும் கூட்டினா பாதி அண்ணன் அளவு வந்திடுது. அந்த மெஷினுக்கு நம்ம கல்யாணம் எல்லாம் தெரியாது. இதுல கள்ளமும் இல்ல, துரோகமும் இல்ல. நீங்கல்லாம் உள்ளயே கட்டிக்கிட்டீங்க, அவ்ளோதான்."

"அண்ணன் தங்கச்சியா?" கோமதிக்கு அப்போதும் ஆறவில்லை. "கட்டிக்கிற மொறடி இது! மொறமாப்பிள்ளையப் போயி அண்ணன்னு போட்டிருக்கானே, வெளங்குவானா அவன்?"

சொல்லிவிட்டு அவளே சிரிக்க ஆரம்பித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. எட்டு வருஷத்துக்குப் பிறகு அவள் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். "தஞ்சாவூருன்னு எப்படிடி சொன்ன?" என்றேன். "பின்ன, அங்கேருந்து வந்தா மட்டும் சட்ட துவைச்சிருக்குது" என்றாள். பாவம் அண்ணன், எத்தனை நாள் சோறு கிடைக்காமல் கிடந்தாரோ.

இவர் மட்டும் சிரிக்கவில்லை. யாழினி வரைந்த தாளைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டே நின்றார்.

6

"இதுக்குத்தான் நான் துப்பல" என்றார்.

யாரும் கேட்காமல் அவரே பேசினார். அவருக்கு அது வழக்கமில்லை.

"அந்த ஆஸ்பத்திரியில என்னக் கேட்டாங்க. நீயும் ஒம் பொண்டாட்டியும் சொந்தமான்னு. தெளிவாக் கேட்டாங்க. காகிதம் போயிடுமே, செல்விய திருப்பி அனுப்பிடுவாங்களேன்னு பயந்து, இல்லன்னேன். மறுபடியும் ஒருத்தர் வந்து கேட்டாரு. மறுபடியும் இல்லன்னேன். அப்புறம் கேக்கல."

எனக்கு அந்த அறை ஞாபகம் வந்தது. வெள்ளைக் கோட்டுப் போட்ட பெண் ஏதோ கேட்டதும், இவர் தலையை இடமும் வலமும் ஆட்டியதும். குழந்தைக்குக் காய்ச்சல் இருந்ததா என்று கேட்கிறார்கள் என்று நான் நினைத்தேன்.

"ஆமான்னு சொல்லியிருந்தா வேற மாதிரி பாத்திருப்பாங்களோ, பொழச்சிருப்பானோ. இத யாருகிட்டப் போயிக் கேக்குறது? அதுக்கப்புறம் இவ பொறந்தா. இவளுக்கு ஒண்ணும் ஆவலன்னு மூச்சு வுட்டேன். ஏழுமலை பொண்ணு கேட்டப்ப எனக்கு அந்த ரூமுதான் கண்ணுல வந்திச்சு. காரணத்தச் சொல்ல வாய் வரல. திமிருன்னு நெனச்சா நெனக்கட்டும்னு வுட்டுட்டேன்."

கோமதி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். யாழினி அவர் பக்கத்தில் போய் நின்றாள். "அதனாலதான்னு சொல்ல முடியாதுப்பா. பொறந்தவுடனே சொல்லியிருந்தாலும் காப்பாத்தியிருப்பாங்களான்னு தெரியாது" என்று தமிழில் மெதுவாகச் சொன்னாள்.

ஊரறியாத ஒரு வெள்ளைக்காரியோடு இவரைச் சேர்த்துவைத்து மாதக்கணக்கில் எரிந்துகொண்டிருந்தேன். இவர் இருபது வருஷத்துக்கு மேலாக ஒரே ஒரு தலையாட்டலைத் தூக்கிக்கொண்டு என் பக்கத்தில் தூங்கி எழுந்திருக்கிறார். எனக்குக் கோபமும் வந்தது, அதையும் எழுதிவிடுகிறேன். என் பிள்ளையைப் பற்றிய கேள்வியை என்னிடம் மொழிபெயர்த்துக்கூடச் சொல்லவில்லையே என்று நெஞ்சு கொதித்தது. அன்றைக்குச் சாப்பாடு பரிமாறும்போது அவர் தட்டை நிமிர்ந்து பார்க்காமல் வைத்தேன். ஆனாலும் குழம்பில் இருந்த மீன் தலையை அவருக்குத்தான் போட்டேன்.

சாயங்காலம் அண்ணன் வந்தார். வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே வராமல் நின்றார். "மாமா, எம் பொண்டாட்டிகிட்ட நீயாவது சொல்லு, நான் நல்லவன்னு" என்றார். இவர் போய் அவர் தோளில் கையைப் போட்டு உள்ளே அழைத்து வந்தார்.

7

பாரிஸ் திரும்பி வந்ததும் யாழினி ஒரு டாக்டரிடம் நேரம் வாங்கினாள். பரம்பரை நோய் பார்க்கிற டாக்டர். நாளைக்கு அவளுக்கென்று ஒரு குடும்பம் வரும், தெரிந்துகொள்ள வேண்டும் என்றாள். தாயும் வந்தால் நல்லது என்றார்களாம். இவரும் பஸ்ஸில் கூட வந்தார். வாசல் வரைக்கும் வந்துவிட்டு, உள்ளே மூச்சு முட்டும், நிறுத்தத்தில் நிற்கிறேன் என்றார்.

டாக்டர் சின்ன வயசுப் பெண். யாழினியிடம் ஏதேதோ கேட்டாள். பிறகு என் பக்கம் திரும்பி நிதானமாக ஒரு கேள்வி கேட்டாள். இந்தத் தடவை எனக்கு ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. நீங்களும் உங்கள் கணவரும் உறவினர்களா?

டாக்டர் இதை வெளியில் சொல்லக் கூடாது, சட்டம் இருக்கிறது என்று யாழினி வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்திருந்தாள். நான் நம்பவில்லை. இப்போதும் நம்பவில்லை. அந்த அறையில் உட்கார்ந்திருக்கும்போதே கண்ணாடிக்காரி எழுந்து வந்து என் குடியுரிமையைத் திருப்பிக் கேட்பது போல இருந்தது. யாழினியின் எச்சில் இந்நேரம் எந்த நாட்டில் எந்த அலமாரியில் இருக்கிறதோ என்ற கவலையும் போகவில்லை. ஆனாலும் யாழினி வாய் திறக்கும் முன்னால் நானே சொன்னேன், எனக்குத் தெரிந்த உடைந்த பிரெஞ்சில். என் கணவர் என் அம்மாவின் தம்பி. எங்களுக்கு முதலில் ஒரு பையன். எட்டு மாதம். அவன் பெயர் கதிரவன்.

டாக்டரின் பேனா நின்றது. பெயரை எப்படி எழுதுவது என்று கேட்டாள். ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன்.

நிறுத்தத்தில் இவர் நின்றுகொண்டிருந்தார்.

"கேட்டாங்களா?"

"கேட்டாங்க."

"இன்னா சொன்ன?"

"உள்ளதச் சொன்னேன்."

பஸ் வந்தது. ஏறினோம். யாழினி முன்னால் போய் உட்கார்ந்துகொண்டாள். இவர் ஜன்னலோரம் உட்கார்ந்து ரொம்ப நேரம் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் நிறுத்தம் வரப்போகும்போது, திரும்பாமலேயே கேட்டார்.

"கதிரவன் பேர எழுதிக்கிட்டாங்களா?"

"எழுதிக்கிட்டாங்க மாமா" என்றேன்.